எச்சம்

டாக்டர் எவுலாலியா தொரால்பா,
உங்கள் ஆறு கட்டுரைகளையும் வாசித்துவிட்டேன்.
வாசித்தேன் என்பது பொய்.
எண்ணெய்க் கூட்டுறவில் கணக்கெழுதும் என் மருமகள் ஃபுவென்சாந்தா
எடைமேடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து
ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டு வந்தாள்.
ஆங்கிலத்தில் நான் ஓர் எண்.
தோப்பு 14.

முதல் கட்டுரையில் எனக்குப் பதினோரு ஹெக்டேர்,
சரிவு பதினேழு விழுக்காடு,
ஆலிவ் மரங்களின் வயது நூறுக்கு மேல்.
என் முழங்கால் அதில் இல்லை.
மாகினா மலையடியில், ஜனவரி விடியலில்,
உறைபனி மிதித்து நீங்கள் வந்து நின்றதும் இல்லை.
பத்து நிமிடம், அசையாமல்,
மூக்கு ஒழுகினாலும் துடைக்காமல்.
கம்பம் என்று நினைத்து
என் நாய் உங்கள்மீது காலைத் தூக்கியது.
அன்றைய பதிவு: கருந்தொப்பிக் கதிர்க்குருவி ஒன்பது,
கொண்டலாத்தி ஒன்று.

இரண்டாவது தரையைப் பற்றியது.
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே முளைத்ததை
ஒரு மரச்சட்டம் போட்டு, குந்தி உட்கார்ந்து எண்ணினீர்கள்.
நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தோம்: களை.
நீங்கள் நாற்பத்தொரு பெயர் வைத்தீர்கள்.
சுத்தமான தோப்பு என்றால் எங்கள் ஊரில்
வழித்த தட்டு மாதிரி இருக்க வேண்டும்.
பக்கத்துத் தோப்பு லெயாந்த்ரோ எல்லைக்கல்லில் நின்று கேட்டான்:
"என்ன, ஆடு வாங்கப் போகிறாயா?"
அது எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.
என்னைத்தான் தின்றது.

மூன்றாவது கட்டுரை.
இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஃபுவென்சாந்தா பன்னிரண்டு, பதின்மூன்று என்று விரலை ஓட்டி
பதினைந்துக்குத் தாவினாள்.
அடியில் ஒரு நட்சத்திரக் குறி, பொடி எழுத்தில் ஒரு வரி:
தோப்பு 14 பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை.
"ஏன் மாமா?"
நல்லவேளை, எடைமேடைக்கு ஒரு டிராக்டர் வந்தது.

உங்களுக்குத் தெரியும்.
மார்ச் மாதம், சனிக்கிழமை, சாயங்காலம்.
நீங்கள் எழுபது ஆரஞ்சுக் கொடிகள் குத்திவைத்திருந்த தரையில்
களைக்கொல்லித் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.
கொடிகளைச் சுற்றிப் போகலாம் என்றுதான் தொடங்கினேன்.
லெயாந்த்ரோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து வந்தீர்கள்.
மஞ்சளித்துக் கிடந்த தரையில் குனிந்து
எழுபதையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி,
மண் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு,
"இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கிறது" என்றீர்கள்.
திட்டியிருக்கலாம்.

நான்காவதில் பதினான்கு திரும்பி வந்துவிடுகிறது,
எந்தக் குறியும் இல்லாமல்.
நான்கும் ஐந்தும் பறவை எச்சத்தைப் பற்றியவை.
கிளைகளுக்கு அடியில் தட்டு வைத்து,
விழுந்ததைக் கழுவி, சலித்து, விதை எண்ணியிருக்கிறீர்கள்.
ஓடைக்கரையில் தின்ற பழம் என் மரத்தடியில் வந்து விழுகிறது.
கதிர்க்குருவிக்கு எல்லைக்கல் தெரியாது.

கணக்கிலும் எச்சம் உண்டாம்.
கோட்டில் அடங்காமல் மிஞ்சி நிற்பது என்று
ஃபுவென்சாந்தா படத்தைக் காட்டினாள்.
எல்லாப் புள்ளிகளும் கோட்டை ஒட்டிக் கிடக்க
ஒன்று மட்டும் மிக மேலே, தனியாக.
விதை அளவுக்கு மீறி விழுந்த தோப்பு.
"இதற்கு விளக்கம் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

என்னிடம் கேட்டிருக்கலாம்.
அந்தக் குளிர்காலம் கீழ்க்கோடி மூன்று வரிசையை
நான் அறுவடை செய்யவில்லை.
இருபத்தாறு மரத்துக் காய்.
முழங்கால் வலி என்று வீட்டில் சொன்னேன்.
கருத்துச் சுருங்கித் தொங்கும்வரை விட்டுவைத்தேன்.
பறவைகள் வந்தன. எவ்வளவு என்று நான் எண்ணவில்லை,
எனக்கு அது வராது.
ஆக, இரண்டாவது முறையும்
உங்கள் கணக்கைக் கெடுத்தவன் நான்தான்.

ஆறாவதின் கடைசியில்
நில உரிமையாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி.
பன்மையில்.
பரவாயில்லை.

ஏழாவது எழுதுவதாக இருந்தால்:
கீழ்க்கோடி வரிசையில், ஐந்தாவது மரத்தின் தூரில்,
காட்டுத் தண்ணீர்விட்டான் முளைத்திருக்கிறது.
யாரும் நடவில்லை. ஏழு தண்டு.
இரண்டை முட்டையோடு பொரித்துத் தின்றுவிட்டேன்,
மீதி ஐந்து நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள்.
நாய்க்கு வயதாகிவிட்டது.
காலைத் தூக்குவதற்குள்
உங்கள் பத்து நிமிடம் முடிந்துவிடும்.